தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அணை கட்டும் விலங்கு

1960-களில் சுவீடனைச் சேர்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் லார்ஸ் வில்சன், பீவர் குட்டிகளைத் தாய் தந்தையிடமிருந்து பிரித்து வளர்த்துப் பார்த்தார். அந்தக் குட்டிகள் அணை என்ற ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. கட்டிக் காட்டப் பெரிய பீவர்களும் அருகில் இல்லை. ஆனாலும் ஓடும் தண்ணீர் கிடைத்ததும் ஒழுங்கான அணையைக் கட்டின. அடுத்து அவர் தண்ணீர் ஓடும் சத்தத்தை மட்டும் ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அங்கே ஓடவில்லை. பீவர்கள் குச்சிகளை இழுத்துவந்து, சத்தம் வந்த இடத்தில் அடுக்கத் தொடங்கின.

பீவரைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். தண்ணீர் எங்கோ ஒழுகிப் போகிறது, அதை அடைத்தாக வேண்டும். இந்த ஒரே உந்துதல்தான் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் எண்ணற்ற ஓடைகளின் போக்கைத் தீர்மானித்தது. அந்த விலங்கை மனிதர்கள் தொப்பிக்காகக் கொன்று தீர்த்தபோது ஓடைகளும் மாறிப்போயின. அது நடந்து முடிந்து வெகுகாலம் கழித்துத்தான், நாம் இழந்தது விலங்கை மட்டுமல்ல, தண்ணீரையும்தான் என்று மெல்லப் புரிந்தது.

பீவர் எது, எது இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பீவரை நீர்நாய் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. காவிரியில் கூட்டமாக நீந்தி மீன் பிடிக்கும் நீர்நாய் ஊன் உண்ணி. அதன் இனமே வேறு. பீவர் எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவற்றோடு சேர்ந்த கொறிணி. அது மீனைத் தொடாது. மரப்பட்டையின் உட்புறத் தோல், இளங்கிளை, இலை, நீர்த்தாவரங்கள் இவைதான் அதன் சாப்பாடு. இந்தியாவில் பீவர் கிடையாது, அதனால் தமிழில் அதற்குப் பழைய பெயரும் கிடையாது. பீவர் என்றே சொல்லிவிடுவது நல்லது.

உலகில் இப்போது இரண்டு வகைப் பீவர்கள் இருக்கின்றன. ஒன்று வட அமெரிக்காவில், மற்றொன்று ஐரோப்பாவிலும் ஆசியாவிலும். பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அமெரிக்கப் பீவருக்கு 40 குரோமோசோம்கள், மற்றதற்கு 48. இரண்டும் கலந்து குட்டி போடாது. வளர்ந்த பீவர் பொதுவாக 16 முதல் 30 கிலோ வரை இருக்கும். கொறிணிகளில் தென் அமெரிக்காவின் கேப்பிபாராவுக்கு அடுத்த பெரிய விலங்கு இதுதான். பனியுகத்தில் வட அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்த ராட்சதப் பீவர் ஒன்று இருந்தது. அது கிட்டத்தட்ட ஒரு கரடியின் அளவு.

அதன் உடம்பைப் பார்த்தால் ஒவ்வோர் உறுப்பும் தண்ணீருக்கென்றே அமைந்தது புரியும். மூழ்கும்போது மூக்கும் காதும் தாமாக மூடிக்கொள்ளும். கண்ணின் மேல் கண்ணாடிபோல் ஒரு மெல்லிய இமை வந்து மறைக்கும். அதன் வழியே நீருக்குள் பார்க்கலாம். உதடுகள் முன்பற்களுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும் என்பதால், வாயில் தண்ணீர் போகாமல் நீருக்கடியிலேயே கிளையைக் கடித்து இழுக்க முடியும். தேவைப்பட்டால் 15 நிமிடம் வரை மூச்சடக்கும். பின்னங்கால்களில் வாத்துக்கு இருப்பதுபோல் விரலிடைச் சவ்வு. அந்தக் காலின் ஒரு விரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும். அதுதான் ரோமத்தைச் சிக்கெடுக்கும் சீப்பு.

முன்பற்கள் ஆரஞ்சு நிறம். அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம், பல்லின் மேற்பூச்சில் இரும்பு கலந்திருப்பதால் வரும் நிறம் அது. முன்பக்கம் இந்தக் கெட்டியான பூச்சு, பின்பக்கம் அதைவிட மென்மையான பகுதி. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேயும், முன்விளிம்பு உளியைப்போல் கூராகவே நிற்கும். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் தேய்ந்து தீரும் கவலையும் இல்லை.

அந்தப் பெரிய தட்டை வாலால் சேற்றை வாரிப் பூசும் என்று கதைகளில் வரும். உண்மையில் சேற்றையும் கல்லையும் முன்கைகளால் நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்கி வருகிறது. வால் நீந்தும்போது சுக்கான், மரத்தைக் கடிக்க எழுந்து நிற்கும்போது முட்டுக்கால், குளிர்காலத்துக்குக் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இடம். ஆபத்து தெரிந்தால் அதே வாலால் நீரை ஓங்கி அறையும். குடும்பம் முழுதும் அந்தச் சத்தத்தில் மூழ்கி மறைந்துவிடும்.

எதற்காக அணை?

பீவர் தரையில் மெதுவாக, தட்டுத்தடுமாறி நடக்கும் பிராணி. ஓநாய்க்கும் கரடிக்கும் எளிதில் இரையாகிவிடும். நீருக்குள் போய்விட்டால் அதைப் பிடிப்பது கடினம். எனவே வீட்டுவாசலும் நீருக்கடியில் இருக்க வேண்டும், சாப்பாட்டு மரம் வரை போகும் வழியும் முடிந்தவரை நீராகவே இருக்க வேண்டும். ஓடை முழங்கால் ஆழம்தான் என்றால் என்ன செய்வது? அடைத்து ஆழமாக்கிக்கொள்ள வேண்டியதுதான். அணையின் நோக்கம் இவ்வளவே. ஆழமான பெரிய ஆற்றிலோ ஏரியிலோ வாழும் பீவர் பெரும்பாலும் அணை கட்டுவதில்லை. கரையில் வளை தோண்டிக்கொண்டு இருந்துவிடும்.

அணைக்குப் பின்னால் தேங்கும் குளத்தின் நடுவிலோ ஓரத்திலோ குச்சியும் சேறும் கொண்டு கூம்பு வடிவில் கூடு எழுப்பும். நுழைவாயில் நீருக்கடியில், உள்ளே நீர்மட்டத்துக்கு மேல் காய்ந்த அறை, உச்சியில் காற்றுப் போக ஒரு சந்து. குளிர்காலத்தில் வெளிப்பூச்சுச் சேறு உறைந்து சிமெண்டுபோல் இறுகிவிடும். ஓநாய் மேலே ஏறி நின்று பறித்தாலும் உடையாது. பீவர் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. இலையுதிர் காலத்திலேயே வெட்டிய கிளைகளைக் கூட்டுக்கருகில் குளத்தின் அடிச்சேற்றில் குத்தி அடுக்கிவைத்துவிடும். மேலே பனிக்கட்டி மூடியபின் அடியில் நீந்திப்போய் ஒரு கிளையை உருவிக்கொண்டு வந்து சாப்பிடும். பனிப்பெட்டியில் காய்கறி சேர்த்துவைப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

ஒரு கூட்டில் ஒரு குடும்பம். நீண்டகாலம் சேர்ந்திருக்கும் ஆணும் பெண்ணும், இந்த வருடத்துக் குட்டிகள், போன வருடத்துக் குட்டிகள். இரண்டு வயதானதும் பிள்ளைகள் வெளியேறித் தமக்கென்று ஓர் ஓடை தேடிப் போகும். அணையைப் பராமரிப்பது எல்லோருடைய வேலை. இரவில் வெளியே வந்து எங்கே தண்ணீர் சலசலக்கிறது என்று காது கொடுத்து, அங்கே சேற்றை அப்பும். ஏரிக்கரையில் மழைக்காலத்தில் உடைப்பைத் தேடி நடந்த நீர்க்கட்டி என்ற ஏரிக் காவலர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். இது காதால் பார்க்கிறது.

மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பீவர் கணக்குப் போடுவதாகச் சொல்வதுண்டு. அப்படி எதுவும் தெரியவில்லை. தான் வெட்டிய மரமே மேலே விழுந்து செத்துப்போகும் பீவர்களும் உண்டு. ஆனால் வெட்டிய கட்டையை மிதக்கவிட்டுக் கொண்டுவர வாய்க்கால் வெட்டும். அந்த வாய்க்கால்களைப் பார்த்தால் யாரோ மண்வெட்டியோடு வந்து போனதாகத்தான் தோன்றும்.

இதுவரை அறியப்பட்டதிலேயே நீளமான பீவர் அணை கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், வுட் பஃபலோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. சுமார் 850 மீட்டர் நீளம். மனிதர்கள் எளிதில் போக முடியாத சதுப்புக்காடு என்பதால் 2007-இல்தான், அதுவும் செயற்கைக்கோள் படங்களில், ஒருவர் கண்ணில் பட்டது. பல தலைமுறைப் பீவர்கள் சேர்ந்து கட்டியிருக்க வேண்டும்.

ஓர் அணை எவ்வளவு காலம் நிற்கும்? இதற்கு ஓர் அழகான விடை கிடைத்திருக்கிறது. அதைத் தந்தவருக்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மானுடவியல் படித்தவர்களுக்கு லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற பெயர் தெரிந்திருக்கும். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை, மாமன், அத்தை பிள்ளைகள் அப்படியல்ல என்ற நம் உறவுமுறையும், அமெரிக்கப் பழங்குடிகளான இரோகுவா மக்களின் உறவுமுறையும் ஒத்துப்போவதைக் கண்டு வியந்து, 1871-இல் அதைப் பற்றிப் பெரிய ஆய்வை வெளியிட்டவர் அவர். தென்னிந்தியாவிலிருந்த அமெரிக்க மிஷனரிகளிடமிருந்து தமிழ் உறவுப் பெயர்களை வரவழைத்துப் படித்தவர். அதே மனிதர்தான் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1868-இல், பீவரைப் பற்றி முழு நூல் ஒன்றை எழுதினார். மிச்சிகனின் வடபகுதியில் ஒரு ரயில்பாதைத் திட்டத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. அங்கே போகும்போதெல்லாம் பீவர் அணைகளைத் தேடித் தேடிப் பார்த்தார். இஷ்பெமிங் என்ற ஊரருகே 64 அணைகளும் குளங்களும் எங்கெங்கே இருந்தன என்று ஒரு வரைபடமே அந்த நூலில் இருக்கிறது. ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து, 2014-ஆம் ஆண்டின் வான்படங்களோடு கரோல் ஜான்ஸ்டன் என்ற ஆய்வாளர் அதை ஒப்பிட்டுப் பார்த்தார். 64-இல் 46 இன்னமும் அடையாளம் தெரியும்படி இருந்தன.

ஓடைக்கு என்ன ஆகிறது

1994-இல் கிளைவ் ஜோன்ஸ், ஜான் லாட்டன், மோஷே ஷாச்சாக் என்ற மூவர் ‘சூழல் பொறியாளர்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். எல்லா உயிரும் உண்கிறது, உண்ணப்படுகிறது. அதைத் தாண்டி, இருக்கும் இடத்தின் அமைப்பையே மாற்றி மற்ற உயிர்கள் வாழ வழி செய்யும் சில உயிர்கள் உண்டு. அவைதான் சூழல் பொறியாளர்கள். கரையான் புற்றை எண்ணிப்பாருங்கள்: கரையான் போன பிறகு பாம்பு குடியேறுகிறது, அந்த மண்ணின் தன்மையே மாறுகிறது. பீவர் இந்தக் கருத்துக்கு எல்லோரும் முதலில் காட்டும் உதாரணம்.

அணை இல்லாத ஓடையில் மழைநீர் ஓடிய வேகத்தில் கீழே போய்விடும். போகும்போது அடிமண்ணை அரித்து ஓடையை ஆழமான பள்ளமாக்கும். பள்ளம் ஆழமாக ஆக, பக்கத்து நிலத்தின் நிலத்தடி நீரும் அதற்குள் வடிந்து இறங்கும். கரைமேல் இருக்கும் செடிகளின் வேருக்கு ஈரம் எட்டாது. இப்போது அதே ஓடையில் பத்து இடத்தில் பீவர் அணை வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும், பக்கவாட்டில் பரவும், மண்ணுக்குள் இறங்கும். கோடையில் அதே நீர் மெல்ல ஊறி ஓடைக்குத் திரும்பி வரும். ஏரியில் தண்ணீர் நின்றால் ஊர்க் கிணறு ஊறும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கணக்குதான் இங்கும். மேலிருந்து வந்த வண்டல் குளத்தில் படியும், கீழே போகும் தண்ணீர் தெளிந்திருக்கும். வயலிலிருந்து வடியும் உரச்சத்தின் ஒரு பகுதியையும் இந்தக் குளங்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

பிறகு மற்ற உயிர்கள் வரும். தவளை, தும்பி, வாத்து, குளத்தில் மூழ்கிச் செத்து நிற்கும் மரங்களில் மரங்கொத்தி, அந்த மரங்களின் மேல் கூடு கட்டும் கொக்கினங்கள். பீவர் அணை மீனின் வழியை மறிக்கும் என்று அமெரிக்காவில் நெடுங்காலம் அணைகளை உடைத்தார்கள். ஆனால் கோஹோ சால்மன் மீன்குஞ்சுகள் வளர்வதற்கு நல்ல இடமே பீவர் குளத்தின் அமைதியான நீர்தான் என்று பின்னால் தெரிந்தது. சுற்றியுள்ள மரம் தீர்ந்ததும் குடும்பம் வேறிடம் போகும், அணை உடையும், குளம் வடியும். அடியில் படிந்த வண்டல்மேல் புல் முளைத்துப் பசும்புல்வெளியாகும். சில ஆண்டுகளில் வில்லோ, ஆஸ்பன் மரங்கள் திரும்ப வளர்ந்தபின் இன்னொரு பீவர் வரக்கூடும்.

வறட்சியில் இதன் அருமை பளிச்சென்று தெரியும். ஆல்பர்ட்டாவின் எல்க் தீவு தேசியப் பூங்காவில் கிளினிஸ் ஹூட், சுசான் பேய்லி என்ற ஆய்வாளர்கள் 54 ஆண்டு காலப் பதிவுகளைப் பார்த்தார்கள். பீவரே இல்லாத காலத்து வறட்சியைவிட, பீவர் திரும்பி வந்தபின் நேர்ந்த வறட்சியில், அதே இடங்களில் சுமார் 60 சதவீதம் கூடுதலான நீர்ப்பரப்பு இருந்தது. காட்டுத்தீயிலும் அப்படித்தான். எமிலி ஃபேர்ஃபேக்ஸும் ஆண்ட்ரூ விட்டிலும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கு அமெரிக்காவில் தீ பரவிய பகுதிகளின் செயற்கைக்கோள் படங்களை எடுத்துக்கொண்டார்கள். பீவர் அணை இல்லாத ஓடைக்கரைகள் அடைந்த பாதிப்பு, அணை இருந்த கரைகளைப்போல் சராசரியாக மூன்று மடங்கு. சுற்றிலும் கருகிக் கிடக்க, நடுவில் பச்சையாக நின்ற அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சம் நிறைந்தது. தீயிலிருந்து தப்பிக்க ஓட முடியாத சின்ன உயிர்களுக்கு அந்த இடங்கள்தான் அடைக்கலம்.

இதையெல்லாம் ஆய்வு செய்யாமலே அறிந்தவர்களும் இருந்தார்கள். வட அமெரிக்கச் சமவெளியின் பிளாக்ஃபுட் மக்கள் காட்டெருமையை வேட்டையாடி வாழ்ந்தவர்கள். பீவரைப் புனிதமாகக் கருதி, அதைக் கொல்வதை அவர்கள் தவிர்த்தார்கள். மழை குறைந்த அந்த வறண்ட சமவெளியில் கோடைக்குத் தண்ணீரை நிறுத்திவைத்தவை பீவர் குளங்கள்தான்.

தொப்பிக்காகப் போன உயிர்கள்

பீவரை மனிதன் பலவற்றுக்காகக் கொன்றிருக்கிறான். இறைச்சி உண்டு. வாலடியில் இருக்கும் இரு பைகளில் காஸ்டோரியம் என்ற வாசனைப் பிசின் சுரக்கும். பீவர் அதைத் தன் எல்லையைக் குறிக்கப் பூசும், மனிதன் அதை மருந்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பயன்படுத்தினான். இந்தப் பைகளை விதைப்பை என்று நினைத்து, வேட்டைக்காரன் துரத்தினால் பீவர் தானே கடித்து எறிந்துவிட்டு ஓடும் என்று பழைய கிரேக்கக் கதை சொல்கிறது. கடித்து எறிய வெளியே ஒன்றும் இல்லை, பீவரின் விதைகள் உடலுக்குள் இருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டுக் கனடாவில் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் பீவர் இறைச்சி உண்ண அனுமதி கிடைத்தது. நீரில் வாழ்வதால் அதை மீன் கணக்கில் சேர்த்தார்கள்.

ஆனால் பீவரை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது தொப்பிதான். பீவருக்கு மேலே நீண்ட முரட்டு மயிர், அடியில் அடர்த்தியான மென்மயிர். இந்த அடிமயிரில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. நனைத்து அழுத்திப் பிசைந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஃபெல்ட் என்ற கெட்டியான துணியாகும். மழையில் நனைந்தாலும் உருக்குலையாது. ஐரோப்பாவில் மதிப்புள்ள ஆண்கள் எல்லோரும் அந்தத் தொப்பி அணிந்த காலம் ஒன்று இருந்தது. பழங்குடி மக்கள் ஓரிரு ஆண்டு உடுத்திப் பழகிய பீவர் தோலுக்குத்தான் முதலில் விலை அதிகம். உடம்போடு உரசி முரட்டு மயிர் உதிர்ந்து, வேலை மிச்சமாகியிருக்கும். பிற்காலத்தில் மயிரைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தியதால், தொப்பி செய்த தொழிலாளர்கள் நடுக்கமும் மனக்குழப்பமும் வந்து நொந்துபோனார்கள்.

முதலில் மேற்கு ஐரோப்பாவின் பீவர்கள் தீர்ந்தன. பிறகு வியாபாரம் கடல் தாண்டியது. இன்றைய நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரை டச்சுக்காரர்கள் ‘பேவர்வெய்க்’ என்று அழைத்தார்கள், பீவர் ஊர் என்று பொருள். நியூயார்க் நகரச் சின்னத்தில் இன்றும் இரண்டு பீவர்கள் இருக்கின்றன. 1670-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் தந்த சாசனத்தோடு ஹட்சன் பே கம்பெனி தொடங்கியது. அவர்களது வியாபாரக் கோட்டைகளில் பீவர் தோல்தான் நாணயம். துப்பாக்கிக்கு இத்தனை தோல், கெட்டிலுக்கு இத்தனை தோல் என்று விலை. கனடாவில் இருக்கும் நம்மவர்கள் ‘தி பே’ என்று கூப்பிட்ட கடைகள் அதே கம்பெனியின் வழிவந்தவை. 2025-இல் அந்தக் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன.

1820-களில் அந்தக் கம்பெனி செய்த ஒரு காரியம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. வட அமெரிக்காவின் மேற்கில் உள்ள ஸ்னேக் ஆற்றுப் பகுதிக்கு அமெரிக்க வேட்டைக்காரர்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, அங்கிருந்த பீவர்கள் அத்தனையையும் பிடித்து ஒழிக்க ஆட்களை அனுப்பினார்கள். தோல் வேண்டும் என்பதுகூட அப்போது இரண்டாம்பட்சம். போட்டியாளருக்கு வெறும் நிலம்தான் மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம்.

ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் 6 கோடிப் பீவர்களாவது இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. 40 கோடி வரை சொல்பவர்களும் உண்டு. 1900 வாக்கில் சுமார் ஒரு லட்சம்தான் மிஞ்சியது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நிலைமை இன்னும் மோசம்: எட்டு இடங்களில் சிதறி, மொத்தமே ஏறத்தாழ 1,200. அதற்குள் பட்டுத் தொப்பி வந்து பீவர் தொப்பிக்கு மவுசு போய்விட்டது. அந்த நாகரிகம் இன்னும் ஐம்பது வருடம் நீடித்திருந்தால் இந்தக் கட்டுரையை இறந்தகாலத்தில் எழுத வேண்டியிருக்கும்.

திரும்பி வந்த கதை

நார்வே 1845-லேயே பீவருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. அப்படித் தப்பிய நார்வேப் பீவர்களைக் கொண்டுதான் 1922-இல் சுவீடன் தன் காடுகளில் மறுபடி விட்டது. ஜெர்மனியின் பவேரியாவில் 1966-இல் தொடங்கினார்கள். கனடாவில் கிரே ஔல் என்ற பெயரில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஒருவர் பொறிவைத்துப் பீவர் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். தாயை இழந்த இரு குட்டிகளைக் காப்பாற்றும்படி அவர் மனைவி அனஹாரியோ கெஞ்சினார். மோஹாக் வழிவந்த அந்தப் பெண்ணின் பிடிவாதத்தால் குட்டிகள் வீட்டுக்கு வந்தன. கொஞ்ச நாளில் கிரே ஔல் பொறிகளைக் கைவிட்டு, பீவருக்காகப் பேசவும் எழுதவும் தொடங்கினார். பேர் அவருக்குக் கிடைத்தது. எனக்கென்னவோ நன்றி அனஹாரியோவுக்குத்தான் போக வேண்டும் என்று தோன்றும்.

1948-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நடந்தது நம்பச் சிரமமான நிகழ்ச்சி. மக்கள் குடியேறிய இடங்களில் பீவர்கள் தொந்தரவாக இருந்தன. பாதையே இல்லாத மலைக்காட்டுக்குக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி அனுப்பினால் வெயில் தாங்காமல் செத்தன. போர் முடிந்து மிஞ்சிய பாராசூட்டுகள் கிடந்தன. தரையில் மோதியதும் தானாகத் திறக்கும் மரப்பெட்டியில் பீவரை வைத்து விமானத்திலிருந்து இறக்கினார்கள். ஜெரோனிமோ என்று பெயரிட்ட ஒரு கிழ ஆண் பீவரை வைத்துத்தான் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். மொத்தம் 76 பீவர்கள் இறங்கின, நடுவானில் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்ட ஒன்று மட்டும் இறந்தது.

இன்று வட அமெரிக்காவில் ஒரு கோடிக்கு மேல் பீவர்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிரிட்டனில் 16-ஆம் நூற்றாண்டில் மறைந்த பீவரை 2009-இல் ஸ்காட்லாந்தின் நாப்டேல் காட்டில் முறைப்படி விட்டார்கள். இங்கிலாந்தின் டெவனில் அவை எப்படியோ தாமாகவே ஓர் ஆற்றில் தோன்றின. அந்த ஆற்றின் பெயர் ஆட்டர், நீர்நாய்க்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். அரசு பிடித்துக்கொண்டு போக நினைத்தது, ஊர்மக்கள் விடவில்லை. ஐந்தாண்டு சோதனைக்குப் பிறகு 2020-இல், அவை அங்கேயே இருக்கலாம் என்று முடிவானது.

செக் நாட்டின் பிர்டி பகுதியில் முன்பு ராணுவம் வடிகால் வெட்டி ஈரநிலத்தை வற்றவைத்திருந்தது. அதைச் சீராக்க அணைகள் கட்டலாம் என்று 2018-இல் திட்டம் போட்டார்கள். நில உரிமை, அனுமதி என்று ஏழு வருடம் இழுத்தது. 2025 தொடக்கத்தில் போய்ப் பார்த்தால், வேண்டிய இடங்களிலேயே பீவர்கள் அணைகளைக் கட்டி முடித்திருந்தன. அரசுக்கு மிச்சம் சுமார் 3 கோடி கொரூனா.

சேர்ந்து வாழ்வதில் உள்ள சிக்கல்

இவ்வளவும் படித்துவிட்டுப் பீவரால் யாருக்கும் துன்பமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சாலைக்கடியில் போகும் குழாயை அடைத்தால் சாலை மூழ்கும். தாழ்வான வயலில் தண்ணீர் ஏறி விளைச்சல் போகும். ஆசையாக வளர்த்த ஆப்பிள் மரம் ஒரே இரவில் சாயும். விவசாயியின் கோபம் நியாயமானது, அதைக் கேட்காமல் பீவரைக் காப்பாற்ற முடியாது. மரத்தின் அடியைக் கம்பிவலையால் சுற்றிவிட்டால் அந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். நீர்மட்டத்துக்கு என்ன வழி? அணையை உடைத்தால் மறுநாள் காலையில் மறுபடி கட்டியிருக்கும்.

இங்கேதான் லார்ஸ் வில்சன் கண்டது கைகொடுக்கிறது. அணைக்குக் குறுக்கே ஒரு நீண்ட குழாயைப் பதிக்கிறார்கள். அதன் வாய் அணையிலிருந்து தள்ளிக் குளத்தின் ஆழத்தில், கம்பிக்கூண்டுக்குள் இருக்கும். அதிகப்படி நீர் சலசலப்பில்லாமல் அதன் வழியே வெளியேறும். ஏரிக்குக் கலங்கு எதற்கோ, இதற்கு அந்தக் குழாய். எந்த இடத்தில் நீர் போகிறது என்று பீவருக்குப் பிடிபடாது, அடைக்கவும் வராது. குளமும் இருக்கும், வயலும் தப்பும். பீவரைக் கொல்வதைவிட இது மலிவும்கூட, ஏனென்றால் கொன்ற இடத்துக்கு அடுத்த வருடமே இன்னொரு பீவர் குடிவந்துவிடும்.

எல்லா இடத்துக்கும் பீவர் நல்லது என்றும் சொல்ல முடியாது. 1946-இல் அர்ஜென்டினா, தோல் வியாபாரத்துக்காகக் கனடாவிலிருந்து சில ஜோடிகளைக் கொண்டுபோய் தென்கோடியில் உள்ள டியரா டெல் ஃபுயேகோ தீவில் விட்டது. அங்கே ஓநாய் இல்லை, கரடி இல்லை. வில்லோ, ஆஸ்பன் மரங்களை வெட்டினால் அடிமரத்திலிருந்தோ வேரிலிருந்தோ மறுபடி துளிர்க்கும். பீவரோடு பல லட்சம் ஆண்டுகள் பழகிய மரங்கள் அவை. தென்கோடியின் லெங்கா மரத்துக்கு அந்தப் பழக்கமில்லை. வெட்டினால் போனது போனதுதான். நீரில் நின்றாலும் சாகும். ஓடைக்கரைக் காடுகள் வெளுத்த கட்டைகளாக நிற்கின்றன. பீவர் நீரிணையைக் கடந்து சிலியின் பெருநிலத்துக்கும் போய்விட்டது. இரண்டு நாடுகளும் அதை அகற்றப் பாடுபடுகின்றன. பீவரை நேசிப்பவர்களும் இந்த இடத்தில் அதைத்தான் விரும்ப வேண்டியிருக்கிறது.

நீங்கள் பார்க்க

கனடாவின் ஐந்து சென்ட் நாணயத்தில் 1937 முதல் பீவர் இருக்கிறது. 1975-இல் அது சட்டப்படி நாட்டின் சின்னமும் ஆனது. டொராண்டோவில், குறிப்பாக ஸ்கார்பரோவில் வசிக்கும் தமிழர்கள் நாணயத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. பக்கத்திலேயே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் உயிருள்ள பீவர்கள் உண்டு. மேற்கு லண்டன்காரர்களுக்கு கிரீன்ஃபோர்டில் உள்ள பாரடைஸ் ஃபீல்ட்ஸ் இருக்கிறது. 2023 அக்டோபரில் ஸ்காட்லாந்திலிருந்து ஐந்து பேர் கொண்ட ஒரு பீவர் குடும்பத்தை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். வெம்ப்ளியிலிருந்தும் ஹாரோவிலிருந்தும் அதிக தூரமில்லை.

பகலில் போனால் தடயங்கள்தான் கிடைக்கும். சீவிய பென்சில்போல் கூராக நிற்கும் அடிமரம், சுற்றிலும் மரச்செதில்கள், பட்டை உரிந்து வெள்ளையாக மிதக்கும் குச்சிகள். விலங்கையே பார்க்க வேண்டுமென்றால் சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்பு போங்கள். நாயைக் கூட்டிப்போக வேண்டாம். காற்று குளத்திலிருந்து உங்கள் பக்கம் வீசும்படி, அணை தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள், பேசாதீர்கள். முதலில் நீரில் ஒரு கோடு மட்டும் நகர்ந்து வரும். அதன் நுனியில் இருப்பதுதான் தலை. உங்களை அது கண்டுகொண்டால் துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்கும். வாலால் நீரை அறைந்துவிட்டு மூழ்கிவிட்டது. அப்புறம் அங்கே நிற்பது அதற்குத் தொந்தரவு. சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுங்கள், மறுநாள் போய்க்கொள்ளலாம்.